ஒரு வார ஊழியக்காரர்

ஒரு வார ஊழியக்காரர் என்பவர் அமெரிக்கக் கிறிஸ்தவச் சபைகளில் ஆண்டுதோறும் ஆகஸ்டு மாதம் மிகுதியாகக் காணப்படும் ஒரு மனித வகை. ஜூலையில் சபைக் குழுவோடு ஊழியம் செய்யக் குவாத்தமாலா போயிருப்பார்; தவறினால் ஹோண்டுராஸ், ஹெய்ட்டி, மெக்சிகோ. பள்ளி மாணவர் முதல் ஓய்வுபெற்ற பல் மருத்துவர் வரை யாருக்கும் இந்த நிலை வரலாம். சமூகவியலாளர் ராபர்ட் வுத்னோவின் மதிப்பீட்டின்படி, 2005 வாக்கில் ஆண்டுக்குச் சுமார் 16 லட்சம் அமெரிக்கச் சபையார் இப்படி அயல்நாடு போய்வந்தார்கள். பயணம் ஏழெட்டு நாளில் முடிந்துவிடும். முடிந்ததைப் பற்றிப் பேசி முடிக்கத்தான் மாதக்கணக்கில் ஆகும். இந்த வகையின் முழு வளர்ச்சியும் அப்போதுதான் தெரியும்.

முடிவு கடைசி இரவிலேயே தொடங்குகிறது. முற்றத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாகப் போட்டுக் குழு உட்காரும். எல்லார் உடம்பிலும் ஒரே நிறச் சட்டை. முதுகில் நாட்டின் பெயர், ஆண்டு, ஒரு வேத வசனம். ஒருவர் கிட்டாருக்குச் சுருதி சேர்த்துக்கொண்டே இருப்பார். ஒவ்வொருவராக மனம் திறந்து பேசவேண்டும். "கொடுக்க வந்தோம், ஆனால் வாங்கிக்கொண்டுதான் போகிறோம்" என்பதை முதலில் பேசுபவரே சொல்லிவிடுவதால், அடுத்தவருக்கு அதையே கண்ணீரோடு சொல்வதைத் தவிர வேறு வழியில்லை. மூன்றாமவருக்கு நா தழுதழுக்கும். நான்காமவர் நாற்காலியில் இருக்கமாட்டார். போத்தல் தண்ணீரில்தான் பல் துலக்கவேண்டும் என்ற விதியை ஒரே ஒருநாள் மறந்துவிட்டார். சமையல்கார அம்மாள் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருப்பார். பத்து நிமிடப் பேச்சை மொழிபெயர்ப்பாளர் "நன்றி சொல்கிறார்" என்று சுருக்கித் தருவார். அம்மாளுக்குத் தெரியவேண்டியது ஒன்றுதான்: காலையில் எத்தனை மணிக்குக் கிளம்புவார்கள்? மதியம் அடுத்த குழு வருகிறது, போர்வைகள் காயவேண்டும்.

மறுநாள் நிகழ்ச்சி நிரலில் "ஓய்வும் தியானமும்" என்று இருக்கும். நடைமுறையில் அது ஆன்டிகுவா நகரத்துக் கடைத்தெரு. 1773 நிலநடுக்கத்தில் இடிந்த தேவாலயங்களின் முன் படம் எடுத்துக்கொண்டபின், காப்பிக்கொட்டை, கைத்தறித் துணி, கவலை பொம்மைகள் எல்லாம் வாங்கப்படும். விரல் நீளம்கூட இல்லாத இந்தப் பொம்மைகளிடம் இரவில் கவலையைச் சொல்லித் தலையணைக்கு அடியில் வைத்தால், காலையில் கவலை போய்விடும் என்பது அவ்வூர் நம்பிக்கை. முந்தின இரவு, உலகப் பொருளெல்லாம் மாயை என்று விம்மியவர், பொம்மை விற்கும் மாயா இனப் பெண்மணியிடம் பத்து கெட்சாலைக் குறைக்கச் சொல்லிக் கால்மணி நேரம் மல்லுக்கட்டுவதை இங்கே காணலாம். பத்து கெட்சால் என்பது ஏறக்குறைய ஒன்றேகால் டாலர்.

குவாத்தமாலா நகரத்திலிருந்து டெக்சாஸுக்கு விமானத்தில் மூன்று மணி நேரம் சொச்சம். கோடையில் இரு ஊர்க் கடிகாரங்களுக்கும் வித்தியாசம் ஒரே மணி நேரம். ஆயினும் ஊர் வந்த ஊழியக்காரருக்கு ஒரு வாரம் தூக்கம் பிடிப்பதில்லை. நேர மாற்றம்தான் காரணம் என்பார். வேறு குறிகளும் உண்டு. குவாத்தமாலாவில் கழிப்பறைக் காகிதத்தைக் கூடையில்தான் போடவேண்டும். அந்தப் பழக்கத்தில் சொந்த வீட்டிலும் கூடையைத் தேடுவார், தேடியதைச் சாப்பாட்டு மேசையில் அறிவிக்கவும் செய்வார். சூப்பர் மார்க்கெட்டில் காலை உணவுப் பெட்டிகள் ஒரு வரிசை நீளத்துக்கு அடுக்கியிருப்பதைப் பார்த்துத் திகைத்து நிற்பார். "இத்தனை வகை நமக்கு எதற்கு?" என்று மனைவியைக் கேட்பார். மூன்றாவது வாரம், தமக்குப் பிடித்த வகை தீர்ந்துபோயிருந்தால் மேலாளரைக் கூப்பிடுவார்.

இந்த வகை முழுப் பொலிவோடு விளங்குவது சாட்சி சொல்லும் ஞாயிற்றுக்கிழமையில். திரையில் படங்கள் ஓடும். பெரும்பாலானவற்றில் ஊழியக்காரர் நடுவில், மடியில் ஒரு குழந்தை. குழந்தையின் பெயர் கேட்டால் மரியா என்பார். அந்த ஊரில் அது பெரும்பாலும் சரியாகவே அமைந்துவிடும். "ஒன்றுமே இல்லை அவர்களிடம், ஆனாலும் எவ்வளவு சந்தோஷம்!" என்ற வரி தவறாமல் வரும். பலூனும் மிட்டாயும் கொண்டுவருகிற அயலாரைப் பார்த்து எந்த ஊர்க் குழந்தையும் சிரிக்கத்தான் செய்யும் என்பது மேடையில் எடுபடாது. தவிர, கோடையில் வாரம் ஒரு குழு வரும் கிராமங்களில் குழுக்கள் கற்றுத்தரும் அபிநயப் பாட்டெல்லாம் பிள்ளைகளுக்கு மனப்பாடம்; அசைவை மறந்து விழிக்கும் அமெரிக்கருக்கு அவர்களே எடுத்துக்கொடுப்பார்கள்.

அடுத்த படம் சுவர். இந்தச் சொற்சித்திரத்தில் சுவருக்குத் தனி இடம் உண்டு. அலுவலகத்தில் கணினி முன் உட்கார்ந்து வாழ்ந்தவர், கொத்தனார் கரண்டியை முதன்முறையாகப் பிடித்து எழுப்பியது அது. உள்ளூர்க் கொத்தனார் பக்கத்தில் கைகட்டி நின்றிருப்பதும் படத்தில் தெரியும். கற்றுக்கொள்கிறார் என்று விளக்கம் தரப்படும். பிப்பா பிடில் என்ற அமெரிக்க எழுத்தாளர் 2014இல் எழுதிய கட்டுரையில், மாணவியாகத் தான்சானியா போனபோது நடந்ததைச் சொல்கிறார். பகலில் மாணவியர் அடுக்கிய செங்கல்லை இரவில் உள்ளூர் ஆட்கள் பிரித்துச் சரியாகக் கட்டிவைப்பார்களாம். பிள்ளைகள் மனம் நோகக்கூடாதே!

கணக்குப் பார்க்கிறவர்களும் உண்டு. 1998இல் மிட்ச் புயல் ஹோண்டுராஸைச் சின்னாபின்னமாக்கியபின் அங்கே எழுந்த வீடுகளைக் கர்ட் வெர் பீக் என்ற சமூகவியலாளர் ஆராய்ந்தார். உள்ளூர் அமைப்புகள் ஒரு வீட்டை ஏறக்குறைய 2,000 டாலரில் கட்டின. அமெரிக்கக் குழு வந்து கட்டினால், விமானக் கட்டணம் முதலியவை சேர்த்துச் சுமார் 30,000 டாலர். குடியேறியவர்களுக்கோ, யார் கட்டிய வீடு என்பதில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. பயணத்துக்குப் பிறகு கூடுதலாகக் கொடை தருகிறோம் என்று போய்வந்தவர்கள் சொன்னார்கள். வரவுப் புத்தகம் அந்த அளவுக்கு உற்சாகம் காட்டவில்லை. இந்தக் கணக்கை ஊழியக்காரரிடம் காட்டினால், "உறவுக்கு விலை உண்டா?" என்று கேட்பார். உறவுக்காரர்களின் கடிதம் ஸ்பானிய மொழியில் வந்து மேசை இழுப்பறையில் கிடக்கும்.

இவரைப் போலி என்று தள்ளுவது நியாயமாகாது. அழுதது நிஜம், கையில் கிளம்பிய கொப்புளமும் நிஜம். சொந்த விடுமுறையையும் சேமிப்பையும் செலவழித்துப் பிறர் ஊருக்கு மண் சுமக்கப் போகிறவர்கள் உலகில் அதிகம் பேர் இல்லை. குறை, திரும்பி வந்தபின் கதையில் அந்த ஊர் சுருங்கிச் சுருங்கி இவர் பெருத்துக்கொண்டே போவதுதான். 1968இல் மெக்சிகோவின் குவெர்னவாகாவில் அமெரிக்க மாணவத் தொண்டர்கள் கூட்டத்தில் பேசிய இவான் இல்லிச், சுற்றிப்பார்க்கவும் படிக்கவும் வாருங்கள், உதவிசெய்கிறோம் என்று மட்டும் வராதீர்கள் என்ற பொருள்பட முகத்துக்கு நேரே சொன்னார். இன்றும் அந்த உரை பயண முன்தயாரிப்பு வகுப்புகளில் பாடமாக வைக்கப்படுவதுண்டு. எல்லாரும் படித்து, நெகிழ்ந்து, விமானம் ஏறுகிறார்கள்.

அக்டோபரில் குறிகள் தணியும். கையில் கட்டிய நூல் வளையம் சாயம் போய் அறுந்துவிடும். ஒரே நிறச் சட்டை கார் கழுவும்போது அணியும் உடையாகும். பிப்ரவரியில் மறுபடி ஆதரவுக் கடிதம் எழுதப்படும்: தேவன் மீண்டும் அழைக்கிறார், இன்னும் 1,800 டாலர் குறைகிறது.

அரிதான ஒரு கிளைவகையும் உண்டு. இவர் மறு ஆண்டு குழுவோடு போவதில்லை. ஆன்டிகுவாவின் மொழிப் பள்ளி ஒன்றில் ஸ்பானியம் படிக்கச் சேர்கிறார், உள்ளூர்க் கொத்தனாரின் கூலிக்கு மாதாமாதம் பணம் அனுப்புகிறார், அந்தக் குழந்தையின் பெயர் மரியா இல்லை என்று கண்டுபிடிக்கிறார். சாட்சி சொல்ல மேடைக்கு அழைத்தால், கொத்தனாரின் மகள் செவிலியர் படிப்பில் சேர்ந்துவிட்டாள், சிமென்ட் விலை ஏறிவிட்டது என்று மூன்று நிமிடத்தில் சொல்லிவிட்டு இறங்கிவிடுகிறார். யாருக்கும் கண்ணீர் வருவதில்லை. எனவே சபை அவரை மறுபடி அழைப்பதில்லை.