ராயர் வீட்டுத் திண்ணை

ஆட்சி நடக்கிற தலைநகரைச் சுற்றிப் பார்ப்பதில் சுகமே கிடையாது. டெல்லியில் பெரிய மனிதர் வீட்டுப் பக்கம் ஆட்டோ கொஞ்சம் வேகம் குறைந்தாலே விசில் ஊதுகிறார்கள். ஆண்டு முடித்த தலைநகரம் அப்படியல்ல. ராஜா உட்கார்ந்த இடத்தில் நாம் கால் நீட்டிக்கொள்ளலாம். ராணி குளித்த தொட்டியை எட்டிப் பார்த்து, ஆழம் போதாது என்று குறை சொல்லலாம். கேட்பாரில்லை. மரத்தடியில் ஒரு காவலர் இருப்பார். அவருக்கும் வெயில்தான்.

இந்தச் சுகத்தை நம்பித்தான் குடும்பத்தோடு ஹம்பிக்குக் கிளம்பினோம். விஜயநகரப் பேரரசின் தலைநகரம். 1336 முதல் 1565 வரை இருநூறு வருஷத்துக்கு மேல் கொடி கட்டிப் பறந்த ஊர். 1443இல் வந்த பாரசீகத் தூதர் அப்துர் ரசாக், ஊருக்கு ஏழு சுற்று மதில் என்று எழுதி வைத்தார். 1520 வாக்கில் வந்த போர்த்துக்கீசியர் டொமிங்கோ பயஸ், ரோமாபுரி அளவுக்குப் பெரிய நகரம், எல்லாப் பண்டமும் இதைப்போல் நிறைந்து கிடக்கிற ஊர் உலகத்தில் வேறில்லை என்றார். மாணிக்கமும் முத்தும் வைரமும் தெருவில் விற்றதாம். நாங்கள் போன மத்தியானம் இளநீரும் மிளகாய் பஜ்ஜியும் விற்றது.

எங்கள் படையில் நான்கு பேர். மாமியாருக்கு எந்த ஊரானாலும் ஒரே கேள்வி: "கோயில் இருக்குல்ல மாப்ளே?" மனைவி எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் அடுக்களையைப் பார்ப்பவள். மச்சான் கட்டட காண்டிராக்டர். உலகத்தைச் சதுர அடியில் பார்ப்பவன். நான், ராபர்ட் சூவெல் என்பவர் 1900இல் விஜயநகரத்தைப் பற்றி எழுதிய தடிமனான புத்தகத்தைப் படித்துவிட்டு வந்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் இதை ஒரு தகுதியாக யாரும் எடுத்துக்கொள்வதில்லை.

ஹோஸ்பேட்டையைத் தாண்டியதும் பாறைகள் ஆரம்பித்தன. மலை என்று சொல்ல முடியாது; ஒன்றின்மேல் ஒன்றாக உருண்டைப் பாறைகள், எது எப்போது உருளும் என்று தெரியாமல், பல கோடி வருஷமாக உருளாமல் நிற்கின்றன. பாறைகளில் வரிசையாக உளித் துளைகள். கல்லைப் பிளக்கப் போட்டு, பாதி வேலையில் விட்டுப் போனவை. மச்சான் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிப் பார்த்தான்.

"மாமா, சைட்டுலயே கல்லு. லாரி வாடகை கிடையாது. நானும் பேரரசு கட்டுவேன்."

முதலில் விரூபாட்சர் கோயில். பேரரசு போன பிறகும் பூசை நிற்காத கோயில். ஒன்பது நிலை ராஜகோபுரம், 160 அடிக்கு மேல். கோயிலுக்குள் ஓர் இருட்டறையில், சின்னத் துவாரம் வழியாக வரும் வெளிச்சம் அந்தக் கோபுரத்தைச் சுவரில் தலைகீழாகக் காட்டுகிறது. கேமரா தத்துவம் என்று கைடு விளக்கிக்கொண்டிருக்க, மாமியார் வேறு கணக்கில் இருந்தார்.

"நம்ம திருவண்ணாமலை கோபுரம் இதவிட உசரமில்ல?"

உண்மைதான். அது 217 அடி. அதை ஆரம்பித்தவர் இந்த ஊரை ஆண்ட கிருஷ்ணதேவராயர்தான் என்றேன். சொந்த ஊரில் இருப்பதைவிட வெளியூரில் உயரமாகக் கட்டிய ஒரே ஆள் என்று மாமியார் அந்த நிமிஷமே ராயருக்கு ரசிகையானார். அடுத்து சசிவேகாளு பிள்ளையார், கடலேகாளு பிள்ளையார். முன்னது கடுகு, பின்னது கடலை. கடுகு எட்டடி, கடலை பதினைந்தடி. மாமியார் இரண்டுக்கும் தோப்புக்கரணம் போட்டுவிட்டு, இனி அரண்மனையைப் பார்க்கலாம் என்று அனுமதி கொடுத்தார்.

அங்கேதான் சிக்கல்.

அரண்மனை வளாகத்துக்குள் போனதும் கைடு கையை விரித்து அறிவித்தார். "சார், இது நூறு கால் மண்டபம்."

நாங்கள் சுற்றிலும் பார்த்தோம். வெட்டவெளி. "கால் எங்கப்பா?" என்றான் மச்சான்.

"இருந்துச்சு சார். சந்தன மரம். எரிஞ்சு போச்சு. குழி மட்டும் இருக்கு, எண்ணிக்கலாம்."

பத்துக்குப் பத்து, நூறு குழி. எண்ணிக்கை சரியாகத்தான் இருந்தது. சந்தன மரம் கைடு உபயம். மரத்தூண் என்பது மட்டும் நிஜம். விஜயநகரத்து மன்னர்கள் சாமிக்குக் கல்லில் வீடு கட்டினார்கள். தங்களுக்குக் கீழே கல், மேலே மரமும் சுதையும். 1565இல் எதிரிகள் தீ வைத்தபோது மேலே இருந்ததெல்லாம் போய்விட்டது. கீழே இருந்தது மட்டும் மிச்சம். ஆக, டிக்கெட் எடுத்து உள்ளே போகிறவனுக்குக் காணக் கிடைப்பதெல்லாம் வரிசை வரிசையாகத் திண்ணைகள். பெரிய ராஜா வீட்டுத் திண்ணை, சின்ன ராஜா வீட்டுத் திண்ணை, மந்திரி வீட்டுத் திண்ணை. எல்லாவற்றுக்கும் பெரிய திண்ணை மகாநவமி திப்பா. பக்கவாட்டில் யானை, குதிரை, ஒட்டகம், வேட்டை, நடனம் என்று செதுக்கித் தள்ளியிருக்கிறார்கள். நவராத்திரி ஒன்பது நாளும் ராயர் அதன்மேல் இருந்து மல்யுத்தமும் நாட்டியமும் வாணவேடிக்கையும் பார்த்ததைப் பயஸ் நேரில் பார்த்து எழுதியிருக்கிறார். மூச்சு வாங்க ஏறிப் பார்த்தால், மேலேயும் வெட்டவெளி. நடுவில் வேறொரு குடும்பம் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தது.

வெறும் திண்ணையைப் பார்த்தால் மனிதனுக்குக் கை சும்மா இருக்காது. மேலே ஏதாவது கட்டத் தொடங்கிவிடுகிறான். கைடு கட்டியது முழுக்க ராணிகளுக்கு. இது ராணி மாளிகை, அது ராணி குளியலறை, அந்தக் கோபுரத்திலிருந்து ராணி எட்டிப் பார்ப்பாள். ராஜாவுக்கு ஊரில் இடமே விடவில்லை. தாமரை மகால் என்ற அழகான கட்டடத்துக்கு வந்ததும், இது ராணியின் கோடை மாளிகை என்றார். என் படிப்புக்கு வாய்த்த ஒரே வாய்ப்பை நான் விடவில்லை. காலின் மெக்கன்சி 1799 வாக்கில் தயாரித்த வரைபடத்தில் இது ஆலோசனை மண்டபம் என்றுதான் இருக்கிறது என்றேன்.

"ரெண்டும் ஒண்ணுதாங்க," என்றாள் மனைவி. "ராணி இருந்த எடத்துலதான் ஆலோசனை நடந்திருக்கும்."

மெக்கன்சிக்கு அப்போது கல்யாணமாகவில்லை. இது அவருக்குத் தோன்றாமல் போனதில் ஆச்சரியமில்லை.

பக்கத்தில் யானைக் கொட்டாரம். பதினோரு அறை, அறைக்கொரு குவிமாடம், சுண்ணாம்பும் கல்லுமாக ஒரு விரிசல் இல்லாமல் நிற்கிறது. ராஜா தூங்கிய இடம் போய்விட்டது. யானை தூங்கிய இடம் இருக்கிறது. "பதினோரு கவர்டு பார்க்கிங்," என்று மச்சான் மதிப்புப் போட்டான்.

அவனை நிஜமாகவே வாயடைக்க வைத்தது படிக்கட்டுக் குளம். கறுப்புக் கல்லில் நாலு பக்கமும் கூம்புகூம்பாகப் படிகள். மண்ணுக்குள் புதைந்து கிடந்ததை 1980களில்தான் தோண்டி எடுத்தார்கள். ஒவ்வொரு கல்லிலும் அது எந்தப் பக்கம், எந்த வரிசை என்று கொத்தன் போட்ட குறி இருக்கிறது. எங்கேயோ செதுக்கி, குறி போட்டுக் கொண்டுவந்து பூட்டியிருக்கிறார்கள். தண்ணீர் கொண்டுவரக் கல் தொட்டிகளைத் தூண்மேல் தூக்கி நிறுத்திய கால்வாய் வேறு. மச்சான் குனிந்து குறிகளைத் தடவிப் பார்த்தான். "என் ஆளுங்க டைல்ஸ் பெட்டியில எழுதியிருக்கறதையே படிக்க மாட்டேங்கறானுங்க மாமா," என்றான். குரல் கம்மியிருந்தது.

மனைவியின் பேரரசு போஜனசாலையில் எழும்பியது. நீளமான வாய்க்கால்; இரண்டு பக்கமும் கல்லிலேயே குடைந்த தட்டுகள், தொடுகறிக்குத் தனித்தனிக் குழிகளோடு. அவள் சுற்றிச் சுற்றி வந்தாள்.

"தண்ணியத் தொறந்துவிட்டா மொத்தமும் கழுவிடும். ஒரு ஏனத்தை எடுத்து வைக்க வேணாம், தேய்க்க வேணாம். ஏங்க, பேரரசுன்னா இது."

இலை போட்டுத்தான் சாப்பிட்டிருப்பார்கள் என்றேன். இலையை எடுப்பது யார் என்று பதில் கேள்வி வந்ததால் நான் குளத்தைப் பார்க்கத் திரும்பிவிட்டேன்.

மாமியாருக்குக் கிருஷ்ணதேவராயர் என்றால் 1956இல் வந்த 'தெனாலிராமன்' படத்து என்.டி.ராமராவ். பயஸ் பார்த்த ராயர் வேறு. நடுத்தர உயரம், சிவப்பு நிறம், ஒல்லியைவிடக் கொஞ்சம் பூசினாற்போல உடம்பு, முகத்தில் அம்மைத் தழும்பு. விடிவதற்கு முன்னால் எழுந்து நல்லெண்ணெய் குடிப்பார். உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு எடை தூக்குவார், வாள் வீசுவார், வேர்வையில் எண்ணெயெல்லாம் வெளியேறும்வரை பயிற்சி, பிறகு மல்யுத்தம், பிறகு குதிரைச் சவாரி. இதை நான் சொன்னதும் மூன்று பேரும் ராயரை விட்டுவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்கள். வரலாற்றை இந்தக் காரணத்துக்காகவே வீட்டில் பேசக் கூடாது.

வெயில் தாழ்ந்ததும் பேட்டரி வண்டியில் விட்டலர் கோயில். இங்கே தூண்களைத் தட்டினால் ஸ்வரம் கேட்கும் என்பார்கள். தட்டக் கூடாது என்று தடை. யார் கையாவது தூண் பக்கம் போனால் விசில். ஆகவே இப்போது ஸ்வரம் காவலரிடமிருந்துதான் வருகிறது. கருவறையில் விக்கிரகம் இல்லை. மாமியார் அதைப் பொருட்படுத்தவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, சுட்ட கல்லில் தத்தித் தத்தி வலம் வந்தார். "வெளிய போயிருப்பாரு. வந்து பாக்கும்போது தெரியட்டும்."

முற்றத்தில் கல் தேர். ஐம்பது ரூபாய்த் தாளின் பின்பக்கம் இருக்கிறதே, அதுதான். ஆளுக்கொரு தாளைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். தேருக்கு முன்னால் இரண்டு யானைகள். ஆனால் யானைக்குப் பின்னால் குனிந்து பார்த்தால், குதிரையின் வால் தெரிகிறது. முதலில் குதிரைகள்தான் பூட்டியிருந்தன. அவை உடைந்து போய், யாரோ பின்னாளில் யானைகளைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். வால் மட்டும் தங்கிவிட்டது.

இந்த வாலைப் பார்த்ததும் எனக்கு நூனிஸ் நினைவு வந்தார். இவரும் போர்த்துக்கீசியர், குதிரை வியாபாரி. விஜயநகரத்துக்குக் குதிரை என்றால் உயிர். கடல் தாண்டித்தான் வர வேண்டும். சாளுவ நரசிம்மர் ஆண்ட காலத்தில், வழியில் கப்பலில் செத்துப்போன குதிரைக்கும் வாலை மட்டும் கொண்டுவந்து காட்டினால் முழு விலை கொடுத்தாராம். நூனிஸ் எழுதி வைத்திருக்கிறார். கைடு முதல்முறையாக நான் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டார். மச்சான், "வால் எண்ணிக்கையை யார் செக் பண்ணாங்க மாமா?" என்றான். பில் போட்டுப் பழகியவன். அந்தக் காலத்தில் நிச்சயம் வாலுக்கென்று தனிச் சந்தை நடந்திருக்கும் என்பது அவன் தீர்ப்பு.

கோயிலுக்கு வெளியே துலாபாரம். இரண்டு உயரமான கல் தூண், மேலே ஒரு குறுக்குக் கல். ராஜா ஒரு தட்டில் ஏறி உட்கார, மறு தட்டில் பொன்னை வைத்து நிறுத்துத் தானம் செய்வார்களாம். பூசினாற்போன்ற உடம்பு ராஜாவுக்கு அமைந்ததில் ஊருக்குள் எத்தனை பேருக்குச் சந்தோஷம் இருந்திருக்கும். நல்லெண்ணெயையும் உடற்பயிற்சியையும் எதிர்த்து ஒரு கட்சியே இருந்திருக்கலாம்.

திரும்பும் வழியில் கைடு தலைக்கோட்டைப் போருக்கு வந்தார். 1565 ஜனவரியில் சுல்தான்கள் சேர்ந்து அடித்தார்கள். ஆட்சியைக் கையில் வைத்திருந்த ராமராயர் தலை போயிற்று. அவர் தம்பி திருமலை, பெயருக்கு ராஜாவாக இருந்த சதாசிவரையும் கருவூலத்தையும் யானைகளில் ஏற்றிக்கொண்டு பெனுகொண்டாவுக்குப் போய்விட்டார். ஒரு பேரரசின் பெட்டி படுக்கையை அவ்வளவு சீக்கிரம் கட்டியிருக்கிறார்கள். எங்கள் வீட்டில் ஹம்பிக்குக் கட்டுவதற்கு அதைவிட நேரம் ஆயிற்று.

தலைநகரம் பிறகு சந்திரகிரிக்கு நகர்ந்தது. அந்தச் சந்திரகிரி ராஜாவுக்கு அடங்கிய நாயக்கர் 1639இல் கடற்கரையில் ஒரு துண்டு நிலத்தை ஆங்கிலேயருக்கு எழுதிக் கொடுக்க, அதில்தான் நாங்கள் குடியிருக்கும் மதராஸ் முளைத்தது என்றேன். மச்சான் நின்றுவிட்டான். "அப்போ மூலப்பத்திரம் இந்த வம்சத்துக்கிட்டதான் இருந்திருக்கணும்!" அவன் கண்ணில் கிருஷ்ணதேவராயர் முதல்முறையாக மரியாதைக்குரியவராக ஆனார்.

கடைசியில் கைடுக்குக் கூலி கொடுக்கும் கட்டம். மச்சான் கணக்கை ஆரம்பித்தான். அரண்மனை இல்லை, நூறு தூண் இல்லை, சிம்மாசனம் இல்லை, கருவறையில் சாமி இல்லை. பாதிக்கு மேல் இல்லாததையே காட்டியிருக்கிறீர்கள், அதற்குத் தகுந்தாற்போல் குறைக்க வேண்டும்.

கைடு கோபப்படவில்லை. "சார், இருக்கறதப் பாக்க உங்களுக்குக் கண்ணு இருக்கு. இல்லாததுக்குத்தானே என்னைக் கூப்பிடறீங்க?"

மச்சானுக்குப் பதில் வரவில்லை. தொழில் புரிந்தவன் முன்னால் தொழில் புரிந்தவன் அடங்குவதுதான் முறை. மாமியார் என் பக்கம் திரும்பி, "நியாயமாப் பேசறாரு. மேக்கொண்டு ஒரு அம்பது குடுங்க மாப்ளே," என்றார்.

கொடுத்தேன். கைடு தாளைத் திருப்பி, கல் தேரை வெளிச்சத்தில் காட்டினார்.

"பாருங்க சார், கவர்மென்ட்டும் குதிரையைக் காட்டலை. அவங்களை யாராவது குறைச்சுக்கச் சொல்றோமா?"