காத்தா காக்குமா?

கேள்வி: பெங்களூரு ஒயிட்ஃபீல்டு பக்கம் முதலீட்டுக்கு ஒரு சைட் பார்த்திருக்கிறேன். பி காத்தா இருக்கிறது, வில்லங்கச் சான்றும் சுத்தம். இன்ஷூரன்ஸ் போட்டுவிட்டால் பயமே இல்லை என்கிறார் தரகர். வாங்கலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். காத்தா என்பது சொத்துவரிக் கணக்கு. வரி கட்டுபவரெல்லாம் சொந்தக்காரர் ஆகிவிட மாட்டார். அதிலும் பி காத்தா, விதிமீறல் உள்ள சொத்துகளுக்கான தனிப் பதிவேடு. வில்லங்கச் சான்றில் பதிவான பத்திரங்கள்தான் தெரியும். பீரோவில் தூங்கும் உயிலும், நாளை பங்கு கேட்டு வரப்போகும் தங்கையும் தெரிய மாட்டார்கள். சார்பதிவாளர் பத்திரத்தைத்தான் பதிவு செய்கிறார், உரிமைக்கு உத்தரவாதம் தருவதில்லை. பவர் பத்திரத்தையே கிரயமாக நீட்டினால் எழுந்து வந்துவிடுங்கள். அதனால் உரிமை கைமாறாது என்று 2011-இல் சூரஜ் லேம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இனி தரகர் சொல்லும் இன்ஷூரன்ஸ். சொத்துரிமையில் சிக்கல் வந்தால் ஈடுகட்டும் உரிமைக் காப்பீட்டை, 2016 ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் (ரெரா) 16-ஆம் பிரிவு திட்டத்தை நடத்தும் நிறுவனத்தின் பொறுப்பில் வைக்கிறது. அதற்கும் மாநில அரசின் அறிவிக்கை வேண்டும். சாதாரண வீட்டுக் காப்பீடு சுவரைக் காக்கும், பத்திரத்தைக் காக்காது. 30 வருடத் தாய்ப்பத்திரங்களை நல்ல வக்கீலிடம் காட்டுங்கள். வங்கி கடன் மறுத்தால், தரகர் பேச்சைவிட அந்த மறுப்பையே நம்புங்கள்.