முன்முற்றத்துச் சருகும் பின்முற்றத்துச் சருகும்: ஓர் ஒப்பாய்வு

பாஸ்டனுக்கு மேற்கே, வீட்டின் கொல்லைப்புறத்தில் காடு தொடங்கும் புறநகர்களில், அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் தொடக்கம்வரை இலை அள்ளுதல் என்றொரு வினை நிகழ்கிறது. இதைப் பற்றி வாய் திறப்போர் எல்லாரும் கருவியைப் பற்றியே பேசுகிறார்கள். எந்த வாரி நல்லது, எந்த ஊதிக்கு வலு அதிகம், எத்தனை பை வேண்டும் என்பதோடு விசாரணை முடிந்துவிடுகிறது. இந்த வினையின் பயன் யாது, அதை அனுபவிப்பவர் யார் என்பவை கேட்கப்படாமலே கிடக்கின்றன. அக்குறை நீக்கவே இக்கட்டுரை.

முதற்கண் உதிர்வின் இயல்பு. பகற்பொழுது சுருங்கத் தொடங்கியதும் இலைக்காம்பின் அடியில் மரம் ஒரு மெல்லிய படலத்தை ஆயத்தம் செய்கிறது. இலையிலிருந்து வரும் ஆக்சின் குறைய, எத்திலீனின் கை ஓங்க, படலத்துச் செல்கள் ஒன்றின் பிடியை ஒன்று தளர்த்துகின்றன. அப்புறம் ஒரு காற்று போதும். அதற்குள் இலையிலிருந்த நைட்ரஜனில் பெரும்பகுதியை மரம் திரும்ப வாங்கிக்கொண்டிருக்கும். ஆளைக் கணக்குத் தீர்த்து அனுப்பும் முதலாளி மாதிரிதான். சக்கையை அள்ளுவது நம் பொறுப்பு.

இதிலும் மரங்களுக்குள் ஒற்றுமை கிடையாது. சிவப்பு மேப்பிள் முந்திக்கொள்ளும். ஐரோப்பாவிலிருந்து வந்த நார்வே மேப்பிள், அக்கம்பக்கத்து மரமெல்லாம் மொட்டையான பிறகும் பச்சை குலையாமல் நின்றுவிட்டு நவம்பரில் உதிர்க்கும். ஓக் மரமோ நாம் வாரியைக் கழுவி மாட்டிவைக்கும்வரை காத்திருக்கும். அதன் இலை தோல்போலத் தடித்தது, டானின் மிகுந்தது, எளிதில் மக்காதது. மழையில் நனைந்த ஓக்கிலையை வாரினால், வாரியின் பல் ஒவ்வொன்றும் ஓர் இலையைக் குத்திக் கோத்துக்கொள்ளும். இரண்டு இழுப்புக்கு ஒருமுறை குனிந்து, கையுறையைக் கழற்றி, அவற்றை ஒவ்வொன்றாக உருவ வேண்டும்.

அடுத்து உரிமை இயல். விழுந்த இலை யாருடையது? வழக்குமன்றமே வாய் திறந்த விஷயம் இது. பக்கத்து வீட்டு மரத்தின் கிளையோ வேரோ எல்லை தாண்டினால், எல்லைக்கோடுவரை வெட்டிக்கொள்ளலாம். மரத்துக்காரர் மேல் வழக்குச் செல்லாது. இது 1931இல் மாசசூசெட்ஸ் உச்ச நீதிமன்றம் சொன்னது. 1983இல் அதே நீதிமன்றம், நல்ல நிலையில் உள்ள மரத்தின் இலை அடுத்த மனையில் விழுவதைத் தடுக்காதது மரத்துக்காரரின் கவனக்குறைவு ஆகாது என்றும் தீர்த்துவைத்தது. இப்பகுதியில் இலையுதிர் காலத்துக் காற்றோ பெரும்பாலும் மேற்கிலிருந்தும் வடமேற்கிலிருந்தும் வருவது. எனவே மேற்கு வீட்டார் என்றும் கொடையாளர்; கிழக்கு வீட்டார் என்றும் இரவலர். மனை வாங்குமுன் திசை பார்க்க வேண்டும் என்று நம் பெரியவர்கள் சொன்னதற்கு இதைவிட வலுவான காரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

இனிப் பரபக்கம். களத்தில் நான்கு கட்சியார் உள்ளனர்.

வாரிக் கட்சியார் முன்னோர் வழி நிற்பவர். வாரி, நீலத் தார்ப்பாய், 30 காலன் கொள்ளும் பழுப்புக் காகிதப் பை ஆகியவை இவர்களது சாதனம். வாயைத் திறந்து நிறுத்திய பை, முதல் கை இலையைப் போடுமுன் மடங்கிப் படுத்துக்கொள்ளும். நிரப்பி வைத்த பை இரவு மழையில் ஊறினால், விடிந்து தூக்கும்போது பை கையோடு வரும், இலை தரையோடு நிற்கும்.

ஊதிக் கட்சியார் ஓசையுடையவர். சூறாவளியில் நான்காம் தரம் மணிக்கு 130 மைல் வேகத்தில் தொடங்குகிறது. இவர்கள் முதுகில் மாட்டும் பெட்ரோல் ஊதியின் வாயில் காற்று 150 மைலைச் சாதாரணமாகத் தாண்டும். இதைக் கொண்டு ஞாயிறு காலையில் ஒற்றை மேப்பிள் இலையைத் தெருக்கோடிவரை துரத்துகிறவரைக் காணலாம். கலிபோர்னியாவின் கார்மெல் என்ற சிற்றூர் 1975லேயே இந்த எந்திரத்துக்குத் தடை போட்டது. வாஷிங்டன் நகரில் பெட்ரோல் ஊதி 2022 முதல் கூடாது. இலைக்கு இதனால் நட்டமில்லை. அது பக்கத்து மனைக்குக் குடிபெயர்கிறது, அவ்வளவே.

அரைவைக் கட்சியார் புல்வெட்டியை இலைமேலேயே ஓட்டித் தூளாக்கிப் புல்லுக்குள் இறக்கிவிடுபவர். மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தார் இதைச் செய்துபார்த்துப் புல்லுக்குக் கேடில்லை என்றிருக்கிறார்கள். நியாயமான கட்சி. நியாயமானது என்பதாலேயே அதைப் பற்றி மேலே எழுத ஒன்றுமில்லை.

விடுதல் கட்சியார் இலையை விழுந்த இடத்தில் விடச் சொல்பவர். லூனா அந்துப்பூச்சி இலையைச் சுற்றிக் கூடு கட்டிச் சருகோடு சருகாகக் கிடக்கும். மின்மினியின் புழுவும் ராணி வண்டுத்தேனீயும் அந்தப் போர்வைக்கடியில்தான் பனிக்காலத்தைக் கழிக்கும். மண்புழு உழைக்கும் என்பாரும் உண்டு. புழு இலையைக் கூர்முனையில் பற்றித்தான் வளைக்குள் இழுக்கிறதா என்று அறிய, டார்வின் தாளை முக்கோணம் முக்கோணமாக வெட்டிப் போட்டுச் சோதித்து, 1881இல் ஒரு நூலே வெளியிட்டார். ஆனால் பனியாறு மூடிக் கிடந்த இந்நிலத்தில் இன்றுள்ள மண்புழுக்களில் பெரும்பாலானவை ஐரோப்பாவிலிருந்து வந்தேறியவை. காட்டின் சருகுப் படுகையை அளவுக்கு மீறித் தின்கின்றன என்று புகார். வந்தேறிகளைப் பற்றி இந்த ஆய்வாளர் கருத்துச் சொல்வதற்கில்லை.

இந்நான்கு கட்சிகளையும் ஒரே மூச்சில் சாய்த்தவர், பாளையங்கோட்டையிலிருந்து வந்திருந்த என் மாமியார்.

"குவிச்சு ஒரு தீக்குச்சியக் கிழிச்சுப் போடுங்களேன், மாப்பிள்ளை."

இம்மாநிலத்தில் திறந்தவெளியில் கொளுத்த ஜனவரி 15 முதல் மே 1 வரைதான் அனுமதி, அதுவும் தீயணைப்புத் துறையைக் கேட்டுக்கொண்டு, அதுவும் சுள்ளி விறகை மட்டும், இலை கூடவே கூடாது என்று விளக்கினேன்.

"அப்போ நாலு ஆட்டைப் பிடிச்சு விடுங்க."

இதற்கு மறுப்பு இலக்கியத்தில் இல்லை. சற்று நேரம் கழித்துக் கொல்லைக் கதவைத் திறந்து பார்த்தவர், அங்கே கணுக்கால் ஆழத்துக்குக் கிடந்ததை ஏன் அள்ளவில்லை என்று கேட்டார். பூச்சிகளுக்காக விட்டிருக்கிறோம் என்றேன்.

"முன்னாடி கிடக்கிற பூச்சி என்ன பாவம் செஞ்சுது?"

சுபக்கம் இவ்வினாவிலிருந்தே கிளைக்கிறது. தெருவிலிருந்து கண்ணுக்குப் படும் சருகு குப்பை. படாத சருகு சுற்றுச்சூழல். கட்சி எதுவானாலும் இவ்விதிக்கு விலக்கில்லை. விடுதல் கட்சிப் பலகையைப் புல்வெளியில் நட்டவர்கூட, அப்பலகை தெரியும்படி அதைச் சுற்றி வாரியிருக்கிறார். தார்ப்பாயில் ஏற்றிய இலையை வீட்டைச் சுற்றி இழுத்துச் சென்று, மரங்கள் தொடங்கும் இடத்தில் கவிழ்த்துவிட்டு வருகிறோமே, காட்டிலிருந்து வந்தது காட்டுக்கே போகிறது. இடைப்பட்ட தூரத்தில் நம் முதுகு மட்டும் பிடித்துக்கொள்கிறது. அள்ளி முடித்த மறுநாள் காலையில் முற்றம் மறுபடி மூடியிருந்தாலும் கவலையில்லை. எதிர் வீட்டார் நாம் அள்ளியதைப் பார்த்துவிட்டார் என்றால் வினை நிறைவேறியது.

இந்த விதிக்குக் கட்டுப்படாதது பீச் மரம் ஒன்றே. காகிதம்போல வெளிறிய அதன் இலை பனிக்காலம் முழுதும் கொம்பிலேயே ஒட்டிக்கொண்டு சலசலக்கும். வசந்தத்தில் புதுமொட்டு தள்ளும்போதுதான் முழுதாக விழும். அப்போது தெருவில் எல்லாரும் பூச்செடி வாங்கக் கிளம்பியிருப்பார்கள். வாரியோடு நிற்பவரைப் பார்க்க ஆளிருக்காது. பார்ப்பாரில்லாத நிலையில் இலை அள்ளப்படுமா என்பதை அறிய அதுவே ஏற்ற பருவம் என்பதால், பீச் குறித்த இயல் ஏப்ரலுக்கு ஒத்திவைக்கப்படுகிறது.