மேற்பார்வையாளர் ஐயாவுக்கு மே தின வாழ்த்து

திருச்சுழிச் சீமையில் மழை பொய்க்கும், கண்மாய் வெடிக்கும், குண்டாற்றில் மணல்கூட மிச்சமிருக்காது. எந்தக் கோடையிலும் வற்றாத ஊற்று ஒன்றே ஒன்று: டாஸ்மாக். பகல் 12 மணிக்குச் சுரந்து இரவு 10 மணிக்கு அடங்கும் அந்த ஊற்றுக்குக் காவலாக அரசு ஓர் அதிகாரியை உட்கார வைத்திருக்கிறது. பதவி, மேற்பார்வையாளர். கேட்டவுடன் எழுந்து நின்றுவிடாதீர்கள். சம்பளத்தையும் கேட்டுவிட்டு நில்லுங்கள்.

2003 நவம்பரில் சில்லறை மது விற்பனையை அரசே எடுத்துக்கொண்டபோது பட்டதாரிப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி ஆள் எடுத்தார்கள். கவர்ன்மென்ட் மாப்பிள்ளை என்று ஊரில் பெண்ணும் கொடுத்தார்கள். கொடுத்ததோ தொகுப்பூதியம். மாப்பிள்ளைக்கு நரை விழுந்துவிட்டது. தொகுப்பூதியம் மட்டும் பெயர் மாறாமல் இளமையாக இருக்கிறது. காலமுறை ஊதியம் கிடையாது. அரசு ஊழியருக்கான ஓய்வூதியம் கிடையாது. எடுத்தது அதிமுக ஆட்சி, அப்படியே வைத்துக்கொண்டது திமுக ஆட்சி. இந்த ஒரு விஷயத்தில் இரு கழகங்களுக்கும் என்ன ஒற்றுமை!

பொறுப்புக்கு மட்டும் குறைவில்லை. கம்பி வலைக்குள் வியர்க்க வியர்க்க நின்று சரக்கை இறக்கிச் சரிபார்ப்பது அவர். பெட்டிக்குள் பாட்டில் உடைந்திருந்தால் பதில் சொல்வதும் அவர். கசங்கிய நோட்டுகளை நீவி அடுக்கி, எண்ணி, கட்டுப் போடுவதும் அவர். கல்லா குறைந்தால் கைக்காசைப் போடுவதும் அவரே.

2024-25இல் டாஸ்மாக்கால் அரசுக்குக் கிடைத்த வருவாய் 48,344 கோடி ரூபாய். 2025 ஏப்ரலில் அரசின் வள்ளல் மனம் கசிந்து, மாதச் சம்பளத்தில் 2,000 ரூபாய் ஏற்றியது. மேற்பார்வையாளர், விற்பனையாளர், உதவி விற்பனையாளர் என 23,629 பேருக்கும் சேர்த்து ஆண்டுக்கு 64.08 கோடி. கணக்குப் போட்டால், வந்த நூறு ரூபாயில் 13 காசு! பாரி தேரைக் கொடுத்தான். இவர்கள் தேரின் அச்சாணியில் ஒட்டிய மசியைக் கொடுத்தார்கள்.

நியாயம் கேட்டால் சட்டம் பேசலாம். 24 மாதத்தில் 480 நாள் வேலை பார்த்தவரை நிரந்தரமாக்கு என்று 1981இலேயே முதலாளிகளுக்குச் சட்டம் போட்டது இதே தமிழ்நாடு அரசு. ஊருக்கு உபதேசம்! தொழில் தகராறு சட்டத்தின் 2010 திருத்தமோ, மேற்பார்வை வேலையில் 10,000 ரூபாய்க்கு மேல் வாங்குபவர் தொழிலாளியே அல்ல என்றது. ஆக, உரிமை கேட்டுப் போனால் “நீங்க ஆபீசருங்க ஐயா”; ஊதியம் கேட்டுப் போனால் “நீ டெம்பரவரிப்பா.”

பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்குகிறார்களே என்பீர்கள். வாங்குவது தவறுதான், வக்காலத்து வாங்க வரவில்லை. கரன்ட் பில், உடைசல், மாமூல் என்று ஊழியர்களும் ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். பிடிபட்டால் பணியிடை நீக்கம் அவருக்கு. அரை வயிற்றோடு அவரைக் கல்லாவில் உட்கார வைத்தவர்களுக்கு ஒரு மெமோகூடக் கிடையாது.

2025 மார்ச் 14 அன்று பட்ஜெட் படித்த நிதியமைச்சர் தங்கம் தென்னரசு, இதே திருச்சுழி தொகுதியின் சட்டமன்ற உறுப்பினராகத்தான் படித்தார். அன்று தொகுதிக்காரர் கையில் கஜானா சாவி. தொகுதியில் கடை நடத்துபவர் கையில் ஷட்டர் சாவி. கஜானா நிறைய, ஷட்டர் தினமும் திறக்கவேண்டும். தீபாவளியன்றும் திறக்கவேண்டும். மூடச் சொல்லும் சில நாட்களில் மே 1 ஒன்று. தொழிலாளர் தினமாம், உழைப்புக்கு அரசு அவ்வளவு மரியாதை செய்கிறது!

மூடுவதென்றால் கடையை மூடுங்கள். இவர்களை வேறு துறையில் நிரந்தரமாக்கிவிட்டு மூடுங்கள். திறந்தே வைப்பதென்றால் காலமுறை ஊதியத்தையும் ஓய்வூதியத்தையும் கொடுங்கள். குடிப்பவன் குடியைக் கெடுத்து வந்த காசில், விற்பவன் குடியையும் கெடுக்கும் அரசு, எந்தத் தனியார் முதலாளியையும் பார்த்துச் சுரண்டல் என்று சொல்ல வாய் திறக்கக் கூடாது.