ரீபூட் வேண்டாதார்

லினக்ஸ் சர்வரைப் பராமரிப்போருள் ஒரு சாரார், இயந்திரம் எத்தனை நாளாக நிற்காமல் ஓடுகிறது என்று சொல்லும் ‘அப்டைம்’ கட்டளையின் விடையை, முதல் மதிப்பெண் வாங்கிய பிள்ளையின் ரேங்க் கார்டைப் போல வருவோர் போவோருக்கெல்லாம் காட்டுவர். எண் ஆயிரத்தைத் தொட்ட அன்று அது வாட்ஸ்அப் குழுவில் ஏறும். கைதட்டும் பொம்மைகள் குவியும்.

அந்த ஆயிரம் நாளும் கெர்னல், அதாவது வன்பொருளுக்கும் மற்ற மென்பொருளுக்கும் இடையே நின்று ஆளும் மையப்பகுதி, பழையதாகவே இருந்திருக்கிறது என்று எவரேனும் சுட்டினால், காட்டியவர் “அப்டேட்டெல்லாம் போட்டாச்சே” என்பார். போட்டிருப்பார், பொய்யில்லை. புதிய கெர்னல் வட்டில் இறங்கி ரீபூட்டுக்காகக் காத்திருக்க, நினைவகத்தில் ஓடுவது மட்டும் பழையது. (ஓடும் கெர்னலிலேயே ஒட்டுப்போடும் லைவ்பேட்ச் என்ற வசதி உண்டு, அவர் அதையும் அமைத்ததில்லை.) லினக்ஸ் வகைகளுள் ஒன்றான உபுண்டு, ரீபூட் பாக்கியிருந்தால் ஒரு சிறு கோப்பை உருவாக்கி, உள்ளே நுழையும்போதெல்லாம் மறுதொடக்கம் தேவை என்று நினைவூட்டும்; அவர் அந்தக் கோப்பை அழித்துவிட்டு நிம்மதியடைவார். 2007 முதல் கெர்னலில் பதுங்கியிருந்த, சாதாரணப் பயனரையும் சர்வாதிகாரம் பெற்ற ‘ரூட்’ ஆக்கவல்ல ‘டர்ட்டி கௌ’ ஓட்டை 2016 அக்டோபரில் அடைக்கப்பட்டபோது, பலருடைய தளங்களை ஒரே சர்வரில் குடிவைத்திருந்தும், அவர் காப்பாற்றியது அந்த எண்ணைத்தான்.

இத்தனைக்கும் அடியில் இருப்பது பெருமையன்று, பயம். என்றோ ஒரு நள்ளிரவில் கையால் தொடங்கிவைத்த நிரல் ‘எனேபிள்’ செய்யப்படாமல், அதாவது சர்வர் எழும்போது தானும் எழ வேண்டியவற்றுள் சேர்க்கப்படாமல் ஓடிக்கொண்டிருக்கும். ஃபயர்வால் விதிகளும் எங்கும் சேமிக்கப்பட்டிரா. எது எழும், எது எழாது என்பது அவருக்கே தெரியாது என்பதால், அந்தப் பயத்தில் நியாயம் உண்டு. ஆயினும், பேக்கப் எடுத்து, அதே அமைப்புள்ள சோதனை சர்வரில் முதலில் பார்த்து, வாடிக்கையாளருக்கு முன்கூட்டியே சொல்லி, நெட்வொர்க் எழாவிட்டாலும் கன்சோல் வழியாக உள்ளே போக முடியுமா என்று உறுதிசெய்துகொண்டு, கூட்டமில்லாத அதிகாலையில் மாதம் ஒருமுறை ரீபூட் செய்பவருக்கு, எழாதது எது என்பது முதல் மாதமே தெரிந்துவிடுகிறது.

ரீபூட் வேண்டாதவருக்கோ அது மின்சாரம் போய்ச் சர்வர் தானாக விழுந்தெழும் நாளில்தான் தெரியவருகிறது. அன்று ஆர்டர் வராமல், அந்தச் சர்வரில் தளம் வைத்த கடைக்காரர்கள் தவிக்க, அவர் போனை எடுப்பதேயில்லை.