காது தொங்கினவ சொல்லுதேன், கேளு

ஏட்டி, இங்க வா. விடிஞ்சதுலயிருந்து அந்தப் பாலிமர் மண்ணை உருட்டிக்கிட்டு இருக்கியே, முறுக்கு சுடப் போறன்னு நெனச்சு நானும் தட்டை எடுத்துக்கிட்டு வந்துட்டேன். பாத்தா, பாம்பு! அதுவும் ஒரு பொம்பள தலையில பத்துப் பாம்பு. மெடூசாவாம், அவ மூஞ்சியைப் பாத்தவன் கல்லாயிருவானாம். பல்லுகுத்துற குச்சியை வெச்சு ஒவ்வொண்ணுக்கும் செதில் குத்துத பாரு, அந்தப் பொறுமையில பாதி இருந்தா ரெண்டு கிலோ உள்ளி உரிச்சிருக்கலாம்.

கம்மலாப் போடு, வேண்டாங்கல. கிரேக்கத்துக்காரன் அந்த மூஞ்சியைக் கேடயத்துலயும் கோயில் கூரையிலயும் வெச்சது கெட்டதை விரட்டத்தான். நாம பூசணிக்காயில பூதம் எழுதிக் கட்டலையா? பொண்ணு பாக்க வாரன்னிக்கு மட்டும் கழட்டி வெச்சிரு. மாப்பிள்ள கல்லாச் சமைஞ்சிட்டாம்னா சொஜ்ஜி பஜ்ஜி வீணாப் போயிரும். நீ கண்ணாடி பாத்துக்கலாம், பயமில்ல. பெர்சியஸ் பயலும் கேடயத்துல நிழலைப் பாத்துத்தான அவ கழுத்தை வெட்டினான்.

அது என்ன றெக்கை? இகாரஸா? அப்பன் மெழுகு வெச்சு ஒட்டின றெக்கை வெயில்ல உருகி, மவன் கடல்ல விழுந்தான்னு நீதான கதை சொன்ன. சொல்லிட்டு, நீயும் சூட்டுல இளகுற பசையை வெச்சுல்ல கொக்கியை ஒட்டுத! சித்திரை மாசம் பஸ்ஸுல சன்னலோரம் உக்காரு, பாளையங்கோட்டை வாரதுக்குள்ள இகாரஸ் மறுபடியும் விழுவான். மண்ணு பச்சையா இருக்கும்போதே ஓட்டையைப் போட்டு, வெந்து ஆறினதும் வளையத்தை மாட்டுட்டி.

பெருசா இருந்தாத்தான் ஸ்டேட்மெண்டாம். யாருகிட்ட? என் பாம்படம் தோளைத் தொட்டுச்சு. உள்ள அரக்கு, மேல தங்கத் தகடு. ஊரு மலைச்சுது, விவரம் ஆசாரிக்கும் எனக்கும்தான் தெரியும். அதை வித்துத்தான் ஒங்கப்பனைப் படிக்க வெச்சேன், காது மட்டும் தொங்கிக்கிட்டு இருக்கு. நீயும் அலுமினியத் தாளைக் கசக்கி உள்ள வெச்சு மேல மண்ணை மூடு. கனமா இருந்தா இப்படித்தான் ஆவும்.

நியூயார்க் மியூசியத்துல இருக்குன்னு போன்ல ஒண்ணு காட்டினியே, கானிமீட் கம்மல், கி.மு. 330–300 வாக்குல செஞ்சது. நீளம் ஒரு சுண்டுவிரல்தான். அதுக்குள்ள றெக்கை விரிச்ச கழுகு, அது பிடியில கானிமீட்ங்கிற பய. கழுகு யாரு? கிரேக்கத்துச் சாமி ஜீயஸாம்! மதுக் கிண்ணம் நிரப்ப ஆள் வேணும்னு டிராய் ராசா மவனைத் தூக்கிட்டுப் போயி, அப்பன்காரனுக்கு ஈடாக் குதிரை குடுத்தானாம். பிள்ள பிடிக்கிறவன் கதையைத் தங்கத்துல அடிச்சுக் காதுல மாட்டியிருக்காளுவ, நான் பாம்படம் போட்டதுதான் ஒனக்குப் பட்டிக்காடு!

ஜீயஸ் பொண்டாட்டி ஹேரா போட்டதுதான் எனக்குப் பிடிச்சது. இலியட்ல 14-ஆம் காண்டத்துல வருதுன்னியே. முசுக்கொட்டைப் பழம் கணக்கா காதுக்கு மும்மூணு தொங்கட்டான் ஆட, புருசனை மயக்கித் தூங்க வெச்சிட்டா. அவன் அசந்த நேரத்துல டிராய்ச் சண்டையே கிரேக்கத்துக்காரன் பக்கம் திரும்பிருச்சு. அதுல ஒரு சோடி எனக்குச் செய்யி. என் ஓட்டைக்குத் தக்கன கொக்கியைப் பெருசா வை. ஒங்க தாத்தா ஒரு மணி நேரம் அசரணும். படப்புக்குப் பின்னால துருப்பிடிச்சுக் கெடக்க அந்தச் சைக்கிளுக்கு இரும்புக்கடைக்காரன் ரெண்டு நாளா வந்து வந்து போறான்.