துருவும் கேரண்டி அட்டையும்

எங்கள் மண்டபத்தில் இரும்புக்கு இரண்டு பக்கமும் பகை. வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. நடுவில் ஒடுங்கிய ஒரு நிலத்துண்டு, அதில் நாங்கள். கச்சான் காலத்தில் தென்கடல் உப்பு வரும், வாடைக் காலத்தில் வடகடல் உப்பு வரும். மழையே எட்டிப் பார்க்காத பங்குனியிலும் ஜன்னல் கம்பியைத் தொட்டால் விரல் பிசுபிசுக்கும். கம்பியில் படிந்த உப்பு காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்கிறது. துருவுக்கு மழை எதற்கு, அதுவே போதும்.

1970-களில் எங்கள் வீட்டில் இருந்த இரும்பை விரல்விட்டு எண்ணிவிடலாம். அரிவாள்மனை, தோசைக்கல், ஒரு டிரங்குப் பெட்டி, அரிக்கேன் விளக்கு, கதவின் கீலும் நாதாங்கியும், அப்பாவின் சைக்கிள். மற்றதெல்லாம் பித்தளை, மண், பனை. கூரைக்குப் பனங்கையும் ஓடும். கடலுக்குப் போகும் கட்டுமரத்தில் ஆணியே கிடையாது, கயிற்றுக் கட்டுதான். கடலோடு தினமும் புழங்குகிறவர்கள் இரும்பை அதன் பக்கத்தில் கொண்டுபோகாமல் இருந்ததில் ஒரு நியாயம் இருந்திருக்கிறது. அதை நாங்கள் வறுமை என்று புரிந்துகொண்டோம்.

இருந்த கொஞ்ச இரும்புக்கும் அப்பத்தாதான் காவல். ஒரு சிரட்டையில் விளக்கெண்ணெய், அதில் ஊறிய பழைய வேட்டிக் கிழிசல். மொத்தத் தளவாடமே அவ்வளவுதான். மீன் அரிந்து முடித்ததும் அரிவாள்மனையைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, நல்ல தண்ணீரில் கழுவி, அடுப்புச் சூட்டில் காட்டி, அலகு முழுக்கக் காய்ந்த பிறகுதான் எண்ணெய்த் துணி மேலே படும். அவசரத்தில் நான் ஈரத்தோடு தடவப் போனால் கையைத் தட்டிவிடுவாள்.

“ஈரத்து மேல எண்ணெயத் தடவுனா, துருவுக்குச் சோறு போட்டுக் கதவச் சாத்துன மாதிரிடா.”

அப்பாவுக்கு ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் நாள். மண்ணெண்ணெயில் செயினை ஊறவைப்பார், ரிம்மைத் துணியால் சுற்றிச் சுற்றித் துடைப்பார். சக்கரத்தின் அச்சில் கலர் நூல் குஞ்சம் ஒன்று சுழன்றுகொண்டிருக்கும். அழகுக்கு மாட்டியது என்றுதான் தெருவே நம்பியது. சக்கரம் ஓட ஓட அது அச்சைத் துடைத்துக்கொண்டே இருந்தது. உழைக்கும் ஒரே அலங்காரம் அதுதான்.

தினமும் அடிபட்ட அரிவாள்மனை இன்றும் இருக்கிறது. விசேஷத்துக்கு மட்டும் திறப்பது என்று கட்டிலுக்கு அடியில் பத்திரப்படுத்திய டிரங்குப் பெட்டிக்குத்தான் அடித்தகடு போய்விட்டது.

துருவைப் பற்றி எங்களுக்கு இருந்த அக்கறையைவிட அரசாங்கத்துக்குக் கொஞ்சம் அதிகம். காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுக்க, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-இல் திறக்கப்பட்ட மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறதே, ஊரார் வாயில் ‘சிக்ரி’, அதன் சோதனைக் களம் ஒன்று மண்டபத்தில் உண்டு. உலோகத் தகடுகளை வெயிலிலும் கடற்காற்றிலும் காயப்போட்டு, எவ்வளவு அரிக்கிறது என்று அளப்பார்கள். துருப்பிடிக்க வைப்பதற்கென்றே சம்பளம் கொடுத்து ஆள் வைத்த ஊர் எங்களுடையது. அந்த வேலையை எங்கள் வீடுகள் இலவசமாகவே செய்துகொண்டிருந்தன.

இப்போது வீடு காங்கிரீட். பனங்கை போய்க் கம்பி வந்தது. சிமெண்டின் காரத்தன்மை கம்பியின் மேல் மெல்லிய கவசம் ஒன்றை உண்டாக்கிக் காக்கும். உப்பு உள்ளே இறங்கினால் அந்தக் கவசம் உடையும். துரு இரும்பைவிடப் பருமன் கூடியது. உள்ளே இடம் போதாமல் நெம்பும், காரை பெயர்ந்து சோற்றுத் தட்டில் விழும். மேஸ்திரி வந்து அண்ணாந்து பார்த்துவிட்டுப் பூசி மூடிவிடலாம் என்கிறார். பெயிண்டர் மட்டும் நியாயஸ்தர். “சொரண்டுறதுக்குத்தான்ணே கூலி, பெயிண்ட் அடிக்கிறது சும்மா” என்பார். அவர் அப்பத்தாவைப் பார்த்ததே இல்லை. கிரில் கேட்டை உப்புத்தாளால் தேய்த்து, கழுவி, காயவிட்டு, ரெட் ஆக்ஸைடு அடித்து, பிறகு பெயிண்ட் என்று கணக்குச் சொன்னார். நாலு நாள் ஆகும் என்றதும் வீட்டில் எல்லோருக்கும் முகம் சுருங்கிவிட்டது. துருவின் மேலேயே அடிக்கும் பெயிண்ட் ஒன்று டப்பாவில் வருகிறதாம், மதியத்துக்குள் முடிந்துவிடுமாம்.

மாடிப்படிக்குத் துருவே பிடிக்காத ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கைப்பிடி போட்டோம். ஒரு மழைக்காலம் கழிந்ததும் பழுப்புப் புள்ளிகள். இதில் ஒரு வேடிக்கை, மழை நனைக்கும் பக்கம் பளபளவென்று இருக்கிறது, சன்ஷேடுக்குக் கீழே பத்திரமாக ஒதுங்கியிருக்கும் பக்கம்தான் பழுக்கிறது. மழை உப்பைக் கழுவிவிடுகிறது, நிழலில் அது தங்கிவிடுகிறது. கடைக்காரர் சங்கடமே இல்லாமல் சொன்னார்: “நீங்க வாங்குனது 304 சார். கடலோரத்துக்கு 316 வேணும், அதுல மாலிப்டினம் இருக்கும்.” கடைக்கு இருநூறு அடியில் கடல்.

பக்கத்தில் பாம்பன் பாலத்தைப் பாருங்கள். 1914-இல் திறந்த பழைய பாலத்தில், நான் பார்த்த காலமெல்லாம் எங்காவது ஒருவர் தொங்கியபடி சுரண்டிக்கொண்டிருப்பார். 1964 புயல் அதைச் சிதைத்தது, சரிசெய்து மறுபடி ஓட்டினார்கள். 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி, பாலிசிலாக்ஸேன் பூச்சு. என் பக்கத்து வீட்டுக்காரர் அந்தப் பெயரை மனப்பாடம் செய்துகொண்டு, மிச்சப் பெயிண்ட் இருந்தால் தன் கேட்டுக்கு ஆகுமே என்று விசாரித்துத் திரிந்தார்.

மகள் தன் பங்குக்கு ஒரு டபிள்யூடி-40 ஸ்ப்ரே அனுப்பியிருக்கிறாள். 1953-இல் அமெரிக்காவில் அட்லஸ் ஏவுகணையின் வெளித்தகட்டைத் துருவிலிருந்து காக்கச் செய்த சரக்கு. எங்கள் வீட்டில் அது கொல்லைக் கதவின் கிரீச் சத்தத்தை நிறுத்துகிறது. கொஞ்ச நாளில் உலர்ந்தும் விடுகிறது, விளக்கெண்ணெய் அப்படிப் போகாது.

ஏசி கதை தனி. வெளியே இருக்கும் பெட்டியை மெக்கானிக் திறந்தார், அலுமினியத் தகடுகளின் மேல் ஸ்குரூடிரைவரை வைத்தார். அழுத்தக்கூட இல்லை, வெள்ளைப் பொடியாகக் கொட்டியது. துரு சிவப்பாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். செம்புக் குழாயும் அலுமினியத் தகடும் தொட்டுக்கொண்டிருக்க, இடையில் உப்பு ஈரம் புகுந்தால் அலுமினியம்தான் கரைந்து போகுமாம்.

“கேரண்டி இருக்கே, தம்பி?”

“அட்டைக்குப் பின்னாடி படிச்சீங்களாண்ணே? கடலோரம்னா கிடையாது.”

படித்தேன். வெறுங்கண்ணுக்குத் தட்டுப்படாத எழுத்தில் இருந்தது.

புதுப் பெட்டியை மாட்டும்போது தகட்டுக்கு நீல நிறத்தில் விசேஷப் பூச்சு இருப்பதாகப் பெருமையாகச் சொன்னார். எத்தனை வருஷம் தாங்கும் என்றேன். ஏணியிலிருந்து இறங்கிக் கையைத் துடைத்தபடி, “பூச்சு என்னண்ணே பூச்சு, வாரம் ஒரு தடவ நல்ல தண்ணி ஊத்தி உப்பக் கழுவுங்க. போர் தண்ணி ஆகாது, அதுவும் உப்பு” என்றார்.

எங்கள் தெருவில் நல்ல தண்ணீர் குடத்துக்குக் காசு கொடுத்து வாங்குவது. ஆகவே சனிக்கிழமை காலையில் ஏசிக்கு லாரித் தண்ணீர்க் குளியல், கைப்பிடிக்கும் அதிலேயே ஒரு செம்பு. எண்ணெய் தேய்த்துக்கொண்டு காத்திருக்கும் எனக்குப் போர் தண்ணீர்.